18 வயதில் போடும் மார்க்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "கேம்பஸ் இன்டர்வியூ பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். ரெஸ்யூமே எழுதுவது எப்படி, டை கட்டுவது எப்படி என்று போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் பேசிவிட்டார்கள். அதனால் நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன். 18, 20 வயதுப் பிள்ளையை எதிரே நிறுத்தி, இவன் 25 வயதில் என்ன ஆவான் என்று கணிக்கிற வேலை அது. நானும் எங்கள் கம்பெனியில் அந்த நாற்காலியில் சில வருடங்களாக உட்காருகிறேன். இந்த வேலையை ஏகப்பட்ட பணம் செலவழித்து, தப்பானால் ஊரே சிரிக்கும்படி பகிரங்கமாகச் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி அணிகள்.

"ஐஸ் ஹாக்கியா? நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று பின் வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. வேலைக்காக டொராண்டோ போய்ச் சேர்ந்தவனுக்கு ஆறு மாதக் குளிரில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? அதுவும் பெரிய லீக் டிக்கெட் வாங்கக் கட்டுப்படியாகாது. அதற்கு அடுத்த படியில் ஆடுகிற இளைஞர் ஆட்டத்தைத்தான் நான் நேரில் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இவர்களில் எவன் மேலே போவான் என்று கணிப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பனித்தரையில் காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு பக்கத்துக்கு 6 பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர். ரப்பர் வட்டு ஒன்று, அதற்குப் பெயர் பக். 20 நிமிடமாக மூன்று பகுதி. ஒருவர் முக்கால் நிமிடம் வெறி பிடித்த மாதிரி ஆடிவிட்டுப் பெஞ்சுக்கு வந்துவிடுவார், அடுத்தவர் குதிப்பார். அவ்வளவுதான்.

மேலே இருக்கிற லீக் என்.எச்.எல். அதில் 32 அணிகள். ஒவ்வொரு வருடமும் கோடையில் 'டிராஃப்ட்' என்று ஒன்று நடக்கும். செப்டம்பர் 15-க்குள் 18 வயது முடிகிற உலகத்துப் பையன்களை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். மொத்தம் 7 சுற்று. போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு, கொஞ்சம் குலுக்கல் சேர்த்து, முதல் வாய்ப்பு. எடுத்த பையன் உடனே பெரிய லீக்கில் ஆடுவது அபூர்வம். மறுபடி ஜூனியர் லீக்குக்கோ கல்லூரிக்கோ ஐரோப்பாவுக்கோ போய், பிறகு அணியின் கிளை மாதிரி இருக்கிற ஏ.எச்.எல். அணியில் இரண்டு மூன்று வருடம் ஆடி, அப்புறம்தான் மேலே. அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். என்று ஒன்று. ஒரு அணி ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று விதி. ஆகவே ஒருவனை வைத்துக்கொண்டால் இன்னொருவனை விட வேண்டும். இந்த 50 என்கிற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பையனுடைய பிழைப்பு அந்த எண்ணில்தான் இருக்கிறது.

பையன்களைப் பார்த்து எழுதுகிறவருக்குப் பெயர் ஸ்கவுட். காக்கி டிராயரும் விசிலும் அல்ல. ஒரு டிராஃப்டுக்கு முந்தைய குளிர்காலம் முழுக்க சின்னச் சின்ன ஊர்களில், ஜிலுஜிலு என்று உறைந்து கிடக்கிற அரங்கங்களில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர். நல்ல ஸ்கவுட் பக்கைப் பார்க்க மாட்டார். பக் இல்லாத நேரத்தில் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார். பக் தன்னிடம் வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறானா? பக்கைப் பறிகொடுத்த பிறகு திரும்பி ஓடுகிறானா, அல்லது நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா? 5-0 என்று தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் எப்படி ஆடுகிறான்? ஒரே பையனை மூன்று நான்கு ஸ்கவுட்கள் வேறு வேறு ஊரில், வேறு வேறு மாதத்தில் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு பட்டியல் தயாரிப்பார்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் என்ன ஆகிறது என்பதற்கு 2014-ஆம் வருட டிராஃப்டை எடுத்துக்கொள்வோம்.

லீக்கின் மத்திய ஸ்கவுட் அலுவலகம் அந்த வருடம் வட அமெரிக்க ஆட்டக்காரர்களில் முதல் இடம் கொடுத்தது சாம் பென்னட் என்ற பையனுக்கு. டிராஃப்டுக்கு முன் உடல் பரிசோதனை முகாம் ஒன்று உண்டு. சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளப்பார்கள், குதிக்கச் சொல்வார்கள், கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்கச் சொல்வார்கள். பென்னட்டால் ஒரு தடவைகூட உடம்பைத் தூக்க முடியவில்லை. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். நம்ம ஸ்கூல் பி.டி. வாத்தியார் பார்த்திருந்தால் அன்றைக்கே டி.சி. கொடுத்திருப்பார்! கால்கரி அணி அவரை நான்காவதாக எடுத்தது. அங்கே ஆறேழு வருடம் சுமாராகத்தான் ஓடியது. "பார்த்தியா, அப்பவே சொன்னோமே" என்றார்கள். 2021-இல் ஃபுளோரிடா அணிக்கு மாற்றிவிட்டார்கள். 2025-இல் ஃபுளோரிடா ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, அந்த இறுதிச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். ஆக முதல் இடம் கொடுத்தவர்கள் சரியா, கம்பியைக் காட்டிச் சிரித்தவர்கள் சரியா? 2020-இல் கேட்டால் ஒரு பதில், 2025-இல் கேட்டால் வேறு பதில்.

அதே 2014-இல், அதே டிராஃப்டில், மூன்றாவது சுற்றில் 79-வதாக ஒரு பெயர் வந்தது. பிரேடன் பாய்ன்ட். எடுத்தது டாம்பா பே லைட்னிங். இந்த டாம்பா அணியைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பாய்ன்ட் மேற்குக் கனடாவின் மூஸ் ஜா என்ற சின்ன ஊர் ஜூனியர் அணியில் ஆடியவர். டிராஃப்ட் வருடத்தில் 72 ஆட்டத்தில் 91 பாய்ன்ட். (கோல் போட்டாலும் ஒன்று, கோலுக்குப் பக் கொடுத்தாலும் ஒன்று, இரண்டும் சேர்ந்தது பாய்ன்ட். இவர் பெயரும் அதுவே, குழம்ப வேண்டாம்.) ஆள் குள்ளம், எடையும் இல்லை. முதல் இரண்டு மூன்று அடியில் வேகம் பத்தாது என்று ஸ்கவுட்கள் எழுதினார்கள். ஆட்ட அறிவு அபாரம் என்றும் எழுதினார்கள். ஆனால் வரிசை போடும்போது உயரமும் வேகமும் ஜெயித்துவிட்டன.

நாம் எஞ்சினியர்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜூனியர் லீக்கில் எடுத்த பாய்ன்ட் பெரிய லீக்கில் எத்தனைக்குச் சமம் என்று கணக்கிட ஒரு முறை இருக்கிறது. ஒரு லீக்கிலிருந்து என்.எச்.எல்.-க்குப் போனவர்களுடைய பழைய பாய்ன்டையும் புதிய பாய்ன்டையும் ஒப்பிட்டு, சராசரியாக ஒரு பெருக்கெண் எடுப்பார்கள். கணக்கிடுபவரைப் பொறுத்து மாறும் என்றாலும், கனடா ஜூனியர் லீக்குகளுக்கு அது சுமார் 0.3. ஏ.எச்.எல்.-க்கு 0.45 பக்கம். ரூபாயை டாலராக்குவது மாதிரி.

பாய்ன்டுக்குப் போடுவோம். ஆட்டத்துக்கு 1.26. அதை 0.3-ஆல் பெருக்கி, 82 ஆட்டத்துக்கு நீட்டினால் 31 வரும். சாதாரணம். அதற்கு முந்தின வருடம், 2013-இல், இதே டாம்பா அணி மூன்றாவதாக எடுத்த ஜோனதன் டிருவேன் என்ற பையனுக்குப் போடுவோம். ஜூனியரில் 49 ஆட்டத்தில் 105 பாய்ன்ட், கனடா ஜூனியர் லீக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர். சூத்திரம் சொல்வது 53.

நடந்தது என்ன? டிருவேன் டாம்பாவில் ஆடிய மிகச் சிறந்த சீசன் 2016-17. அதில் அவர் எடுத்தது, நம்பினால் நம்புங்கள், 53. கணிதம் கைதட்டலாம். பாய்ன்ட் 2022-23-இல் எடுத்தது 95. அதில் கோல் மட்டும் 51. கணிதம் உட்கார வேண்டியதுதான்.

சூத்திரம் தப்பில்லை. அது இன்றைக்கு இந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்று சொல்கிறது. எந்தச் சரிவில் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லவில்லை. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ஸ்லோப் கண்டுபிடி என்றால் முதல் வருடக் கணக்கு வாத்தியாரே அடிக்க வருவார். இன்னொன்று, டிருவேன் ஆடிய ஹாலிஃபாக்ஸ் அணியில் கூட ஆடியவர் நேதன் மெக்கின்னன். 2013 டிராஃப்டில் முதலாவதாகப் போனவர், பிற்பாடு லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். பக்கத்தில் அப்படி ஒருவன் இருந்தால் யாருடைய மார்க்கும் கொஞ்சம் ஏறும். நம்ம லேப் புராஜக்டில் நாலு பேர் குரூப்பில் ஒருவன் எல்லாவற்றையும் செய்து, நாலு பேருக்கும் ஒரே மார்க் விழுவது இங்கே யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

பிறந்த மாதம் என்று ஒரு வேடிக்கை இருக்கிறது. கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு வயது கணக்கிடுவது ஜனவரி 1-லிருந்து. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுக் குழு. எட்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் பெரிய வித்தியாசம். வளர்ந்த பையன் நல்ல குழுவுக்குப் போகிறான், நல்ல கோச் கிடைக்கிறார், அதிகம் ஆடுகிறான். 1985-லேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடா உளவியல் அறிஞரும் சகாக்களும் இதை எழுதிவிட்டார்கள். 2013-இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. 1980 முதல் 2007 வரை டிராஃப்டில் எடுக்கப்பட்ட கனடாப் பையன்களில் 36 சதவீதம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் 15-க்கும் குறைவு. சரி, பெரிய பையன்கள் ஜெயிக்கிறார்கள், அவ்வளவுதானே என்று விட முடியாது. ஏனென்றால் பிற்பாதியில் பிறந்து தேர்வானவர்கள், அதே இடத்தில் தேர்வான முற்பாதிக்காரர்களைவிடப் பிற்காலத்தில் நன்றாக ஆடினார்கள். அதாவது, தேர்வு செய்கிறவர்கள் வருடா வருடம் ஒரே பக்கமாகத் தராசைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ரேண்டம் எரர் இல்லை ஐயா, சிஸ்டமேட்டிக் எரர். அளவு மானியிலேயே கோளாறு.

(நம் ஊரில் இந்த ஆய்வைச் செய்ய முடியாது. எங்கள் அப்பா தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியை ஹெட்மாஸ்டர்தான் போட்டார். அத்தனை பேரும் மே, ஜூனில் பிறந்தவர்கள்.)

டாம்பாவுக்குத் திரும்புவோம். 2010-இல் அங்கே பொது மேலாளராக வந்தவர் ஸ்டீவ் ஐசர்மேன். டெட்ராய்ட் அணியின் பழைய கேப்டன். டெட்ராய்ட்காரர்களுக்கு ஒரு பேர் உண்டு, பையன்களை அவசரப்படுத்த மாட்டார்கள். கீழ் லீக்கில் போட்டு, கனிந்தது போதும் என்று மற்றவர்கள் நினைக்கிற கட்டத்துக்கு அப்புறமும் கொஞ்ச நாள் விட்டு வைப்பார்கள். மற்ற ஊர்களில் மாங்காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிற மாதிரி. எட்மன்டன் அணி 2010, 2011, 2012 மூன்று வருடமும் டிராஃப்டில் முதல் ஆளை எடுத்தது. மூன்று பேரையும் அடுத்த சீசனிலேயே பெரிய லீக்கில் இறக்கியது. 2016 வரை ஒரு முறைகூட இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை. மூன்றாமவர் நெய்ல் யாகுபோவ், முதல் சீசனில் 48 ஆட்டத்தில் 17 கோல் போட்டு நம்பிக்கை கொடுத்தவர், 2018-க்குப் பின் அந்த லீக்கிலேயே இல்லை. அவசரப்படுத்தாமல் இருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பாரா? யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஒரே பையனை இரண்டு விதமாக வளர்த்துப் பார்க்க வழியில்லை.

ஐசர்மேன் டாம்பாவில் செய்தது என்னவென்றால், கீழ் அணியை ஒரு கொட்டடியாக நினைக்காமல் பட்டறையாக நடத்தியது. அதைப் பார்த்துக்கொள்ள ஜூலியன் பிரிஸ்பா என்ற உதவி மேலாளர். கோச்சாக ஜான் கூப்பர், முன்னாள் வக்கீல், என்.எச்.எல்.-இல் ஒரு நாள்கூட ஆடாதவர். 2011-12 சீசனில் இவர்களுடைய நார்ஃபோக் அணி வரிசையாக 28 ஆட்டங்களை ஜெயித்தது. அதன் பின் ஏ.எச்.எல். கோப்பையின் இறுதியில் எதிரணியை 4-0 என்று வாரிப் போட்டது. எதிரணி எங்கள் டொராண்டோ மார்லீஸ், அதை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

அந்த நார்ஃபோக் அணியில் இருந்த இருவரைக் கவனியுங்கள். ஒருவர் ஒண்டிரே பாலாட். செக் நாட்டுக்காரர். 2009 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2010-இலும் இல்லை. 2011-இல் 208-வதாக, கிட்டத்தட்ட அரங்கத்தில் நாற்காலி மடிக்கிற நேரத்தில், டாம்பா எடுத்தது. இன்னொருவர் டைலர் ஜான்சன். ஐந்தடி எட்டு அங்குலம். மூன்று டிராஃப்டில் அவர் பெயரை யாரும் சொல்லவே இல்லை. 2011-இல் டாம்பா வெளியிலிருந்து ஒப்பந்தம் போட்டது. 2012-13-இல் அவர் ஏ.எச்.எல்.-இன் சிறந்த ஆட்டக்காரர். 2013 மார்ச்சில் கூப்பரையே மேல் அணிக்குக் கோச்சாக ஏற்றினார்கள். கீழே இந்தப் பையன்களோடு பஸ்ஸில் போனவர் மேலேயும் கூடவே போனார், இது சின்ன விஷயம் இல்லை. 2011-இல் 58-வதாக எடுத்த ரஷ்யப் பையன் நிகிதா குச்செரோவும் கொஞ்ச நாள் கீழே ஆடிவிட்டு வந்து சேர்ந்தான். 2015-இல் டாம்பா ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போனபோது இந்த மூவரும் ஒரே வரிசையில் ஆடினார்கள். ஜான்சன் மட்டும் அந்தச் சுற்றுகளில் 13 கோல். குச்செரோவ் 2019-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2020, 2021 இரண்டு வருடமும் கோப்பை டாம்பாவுக்கு. பாய்ன்ட் இரண்டு வருடமும் இறுதிச் சுற்றுகளில் 14, 14 கோல்.

யான்னி கூர்ட் என்று ஒருவரையும் சொல்ல ஆசை. கியூபெக்காரர், டிசம்பரில் பிறந்தவர், குள்ளம், டிராஃப்டில் விலைபோகாதவர். மூன்றாம் படியான ஈ.சி.எச்.எல்.-இல் எல்லாம் ஆடி, 2014-இல் டாம்பாவில் சேர்ந்து, கீழ் அணியில் வருடக்கணக்காக இருந்து, 2017-18-இல்தான் மேலே முழு சீசன் ஆடினார். 64 பாய்ன்ட். அப்போது அவருக்கு வயது 26. 22 வயதில் அவரைப் பற்றி ஒரு ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருந்தால் நீங்களும் நானும் ஒரே வரிதான் எழுதியிருப்போம்.

சரி, பாய்ன்டின் முதல் இரண்டு அடி வேகம் என்ன ஆனது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. டாம்பாவுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்க பார்பரா அண்டர்ஹில் என்ற அம்மையார் இருந்தார். 1984-இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன். அவர் பாய்ன்டை உட்கார வைத்து, கால் எந்தக் கோணத்தில் தரையை அழுத்துகிறது, முழங்கால் எவ்வளவு மடிகிறது, அழுத்தின விசை எங்கே வீணாகிறது என்று அக்கக்காகப் பிரித்துச் சரிசெய்தார். சுத்தமான மெக்கானிக்ஸ். இரண்டு மூன்று கோடைகாலம் ஆனது. அப்புறம் அதே பாய்ன்டின் வேகத்தைப் பற்றித்தான் எதிரணி கோச்சுகள் கவலைப்பட்டார்கள்.

2014-இல் மற்ற அணிகளும் அதே பையனைத்தான் பார்த்தன. அதே குறையைத்தான் எழுதின. குறை என்று எழுதியவுடன் பலருடைய பேனா நின்றுவிட்டது. 'இது திருத்தக்கூடிய குறையா, எங்களிடம் திருத்த ஆள் இருக்கிறாரா' என்கிற அடுத்த வரி டாம்பாவின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தால் வரும். உடம்பு சாப்பாட்டாலும் வயதாலும் வரும். பக் எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிகிற அந்த ஆட்ட அறிவை மட்டும் 20 வயதுக்கு மேல் ஊட்ட முடியாது என்பதுதான் இந்தத் தொழிலில் பழுத்தவர்களின் எண்ணம். அப்படியானால் எதற்கு மார்க் அதிகம் போட வேண்டும்? கையில் அளக்க முடிகிறதற்கு அல்ல. ஆனால் உயரத்தை டேப் வைத்து அளக்கலாம், ஆட்ட அறிவை அளக்க டேப் இல்லை. மீட்டிங்கில் சண்டை வந்தால் டேப் வைத்திருப்பவன் ஜெயிப்பான். எங்கள் இன்டர்வியூ போர்டிலும் அப்படித்தான். 'பர்சன்டேஜ் 60-க்குக் கீழே' என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை. 'இந்தப் பையன் கேட்ட கேள்வி நல்லா இருந்துச்சு சார்' என்று நான் சொன்னால் 'அதை எந்த காலத்துல எழுதறது?' என்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டாம்பாக்காரர்கள் ஞான திருஷ்டி உள்ளவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாய்ன்டை எடுப்பதற்கு முன்னால் அதே 2014-இல் அதே டாம்பா வேறு மூன்று பேரை எடுத்தது. பாலாடுக்கு முன்னால் ஐந்து பேரை எடுத்தது. டெட்ராய்ட் 1999-இல் ஹென்ரிக் செட்டர்பெர்கை 210-வதாக எடுத்ததைப் பெரிய மேதாவித்தனம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அவர் பிற்பாடு அணிக் கேப்டனே ஆனார். அவர் இப்படி வருவார் என்று நிஜமாகவே தெரிந்திருந்தால் அவருக்கு முன்னால் வேறு ஆட்களை எதற்கு எடுத்தார்கள்? 'இவனிடம் ஏதோ இருக்கிறது, ஆறேழு சுற்று போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்கிற அளவுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த அளவுக்குத் தெரிவதே பெரிசு, அது வேறு. மூன்றாம் சுற்றுக்கு அப்புறம் தேர்வாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெரிய லீக்கில் நிலைப்பதே இல்லை. யார் நிலைத்தார்களோ அவர்களைப் பற்றி மட்டும் நாம் கதை சொல்கிறோம். நான் இப்போது செய்வதும் அதுதான்.

பொறுமையாகக் கனிய விடுவதும் சர்வரோக நிவாரணி இல்லை. டெட்ராய்ட் வரிசையாக 25 சீசன் இறுதிச் சுற்றுகளுக்குப் போன அணி. 2016-க்குப் பிறகு அது நின்றது. 2019-இல் ஐசர்மேனே திரும்பி அங்கே போனார். 2025 வரை அவராலும் அந்த அணியை அங்கே கொண்டுபோக முடியவில்லை. அதே ஆள், அதே பொறுமை.

டிருவேன் கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் அவரைக் கீழ் அணிக்கு அனுப்பினார்கள். தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லி ஏற்கெனவே கேட்டிருந்தவர், ஒரு ஆட்டத்துக்கு வர மறுத்தார். சம்பளமில்லாமல் சஸ்பெண்ட். நம் ஆபீசாக இருந்தால் அத்தோடு ஃபைல் மூடியிருக்கும். இங்கே ஐசர்மேன் கோபத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பையன் சில வாரம் கழித்துத் திரும்பி வந்தான். அந்த வருட இறுதிச் சுற்றுகளில் நன்றாகவே ஆடினான். அடுத்த வருடம்தான் அந்த 53. அதற்குப் பிறகு, 2017 ஜூனில், அவரை மான்ட்ரியாலுக்குக் கொடுத்துவிட்டு மிகைல் செர்காசெவ் என்ற 18 வயதுத் தடுப்பாட்டக்காரரை வாங்கினார்கள். இரண்டு கோப்பைகளிலும் செர்காசெவ் இருந்தார். கோபம் ஆறும் வரை காத்திருந்ததால் வந்த லாபம். தான் மூன்றாவதாக எடுத்த பையன் என்பதற்காகக் கட்டிக்கொண்டு அழாமல், இப்போது நமக்கு என்ன தெரியும் என்று பார்த்து மறுபடி மார்க் போட்டிருக்கிறார். 18 வயதில் போட்ட மார்க்கை 22 வயதிலும் தூக்கிக்கொண்டு அலைகிற அணிகள்தான் அதிகம். முதல் சுற்றில் எடுத்தவனுக்கு நாலு வாய்ப்பு, ஏழாவது சுற்றில் எடுத்தவனுக்கு ஒன்று. எடுத்தவருடைய மானம் அதில் இருக்கிறதே!

போர்டில் உட்காருகிற அண்ணன்மார்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் யார் யாருக்கு என்ன மார்க் போட்டோம், யாரை வேண்டாம் என்றோம், அவர்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருக்கிறோம்? இந்த ஹாக்கிக்காரர்களுக்கு அந்தத் தப்பித்தலே கிடையாது. ஒவ்வொரு டிராஃப்டும் பெயரும் எண்ணுமாகப் பொதுவில் கிடக்கிறது. எந்தப் பள்ளிக்கூடப் பையனும் எடுத்துப் பார்த்து 'இவரைப் போய் விட்டீங்களே' என்று கேட்கலாம். அந்தக் கூச்சத்திலேயே அவர்கள் வருடா வருடம் கொஞ்சம் திருந்துகிறார்கள். குள்ளமானவர்களுக்கு 20 வருடத்துக்கு முன் இருந்ததைவிட இன்று டிராஃப்டில் இடம் கிடைக்கிறது. நம் நோட்டுகள் எச்.ஆர். அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்கின்றன. எங்கள் கம்பெனியில், வேண்டாம் என்றவர்கள் பட்டியலையும் பத்திரமாக வைத்து, மூன்று வருடம் கழித்து ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள். பார்ப்போம்.

இங்கே ஒரு தம்பி கேட்ட கேள்வியையும் மலரில் சேர்க்கச் சொன்னார்கள். "சார், மேல போனவங்க கதை சொன்னீங்க. அந்த 50-ல இடம் கிடைக்காதவங்க என்ன ஆவாங்க?" என்றார்.

நல்ல கேள்வி தம்பி. சிலர் ஐரோப்பா போகிறார்கள். ஜெர்மனி, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்தில் எல்லாம் நல்ல லீக்குகள் உண்டு, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிடுகிறவர்களும் உண்டு. சிலர் ஈ.சி.எச்.எல்.-இல் குறைந்த சம்பளத்தில், நெடுந்தூரப் பஸ் பயணத்தில், இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று 28 வயது வரை ஆடுகிறார்கள். பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போகிறார்கள். மேற்குக் கனடா ஜூனியர் லீக்கில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அங்கே ஒரு சீசன் ஆடினால் ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்கான கட்டணமும் புத்தகச் செலவும் லீக் கொடுக்கும். நாலு சீசன் ஆடினவனுக்கு நாலு வருடம், டிகிரியே முடிக்கலாம். ஜூனியர் லீக்கில் ஆடிய பையன் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆட முடியாது என்று வெகு காலமாக ஒரு தடை இருந்தது, 2025-இல் அதுவும் போய்விட்டது. எங்கள் ஆபீசில் அப்படி ஒருவர் இருக்கிறார். மூன்று சீசன் ஜூனியரில் ஆடி, டிராஃப்டில் யாரும் எடுக்காமல், அந்தப் பணத்தில் சிவில் படித்தவர். பாலம் டிசைன் செய்கிறார். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் வாடகை அரங்கத்தில் எங்களைப் போன்ற சோம்பேறிகளுக்கு ஸ்கேட் கட்டி நிற்கக் கற்றுக்கொடுக்கிறார். நான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வாசனையும் வருகிறது.